கூம்பைத் தின்னும் வண்டு



நான் ஆசிரியத் தொழிலை மேற்கொண்ட தொடக்க ஆண்டுகளில் செய்த பிழை ஒன்றைச் சொல்லி இன்றைய பேச்சைத் தொடங்க விரும்புகிறேன். பிழை சிறியதுதான், எவருக்கும் அதனால் மதிப்பெண் குறையவில்லை. ஆயினும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அது என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

1988-ஆம் ஆண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலிருந்த ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் தாவரவியல் கற்பித்து வந்தேன். பதினோராம் வகுப்புப் பாடத்தில் சைக்கஸ் என்னும் தாவரம் இடம் பெற்றிருந்தது. பனைபோல் தோன்றிப் பனையல்லாததும், பெரணிபோல் தளிர்விட்டுப் பெரணியல்லாததுமான அந்த மரம் அவ்வூர் மலைச்சரிவிலேயே வளர்ந்திருந்தது. அதன் ஆண் கூம்பை மதனகாமப்பூ என்னும் பெயரால் நாட்டுமருந்துக் கடைகளில் விற்பதை உங்களுள் சிலர் கண்டிருக்கலாம். நான் கேட்டுக் கொண்டதன் பேரில் ஒரு மாணவி முழ நீளமுள்ள ஆண் கூம்பு ஒன்றைத் துண்டில் சுற்றி வகுப்பிற்குக் கொண்டு வந்தாள். மேசையின்மேல் அதனை வைத்துத் துண்டை அவிழ்த்ததும், செதில்களின் இடுக்கிலிருந்து பழுப்பு நிறச் சிறு வண்டுகள் பலவாக வெளிப்பட்டு ஓடலாயின. வகுப்பில் சிரிப்பு எழுந்தது.

சைக்கஸில் மகரந்தச் சேர்க்கை காற்றினால் நடைபெறுகிறது என்று கரும்பலகையில் அப்பொழுதுதான் எழுதி முடித்திருந்தேன். அந்தப் பெண் அதனைப் பார்த்தாள், கூம்பையும் பார்த்தாள். "சார், காற்றுதான் கொண்டு போகிறது என்றால், இத்தனை வண்டுகள் இதற்குள் என்ன செய்கின்றன?" என்று கேட்டாள்.

"பூச்சி அரித்த கூம்பம்மா அது. வெளியே எறிந்துவிட்டு நல்லதாக ஒன்று பார்த்துக் கொண்டு வா" என்றேன் நான்.

நல்ல கேள்வி ஒன்று நம்முன் வந்து நிற்கும்போது அதனை நல்ல கேள்வி என்று அறிந்து கொள்வதற்கும் ஓரளவு பயிற்சி வேண்டும். அது அன்று எனக்கு இல்லை. அவள் கேட்ட அதே கேள்வியைக் கேட்டு, விடையும் கண்டு, அச்சிட்டு வெளியிட்டு அப்பொழுது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதைப் பின்னரே அறிந்தேன். அந்த விடையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் இத்தாவரக் கூட்டத்தைப் பற்றிச் சிறிது அறிந்து கொள்வோம். சைக்கஸும் அதன் உறவினங்களும் சேர்ந்து சைக்கட் எனப்படும். இன்று உலகில் ஏறத்தாழ 370 இனங்கள் இருக்கின்றன. மெக்சிகோ, நடு அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென் ஆசியா, தென்கிழக்கு ஆசியா ஆகிய வெப்ப நாடுகளிலும் அவற்றை ஒட்டிய பகுதிகளிலும் இவை வாழ்கின்றன. இவை பூப்பதில்லை. பூவுக்கு மாறாகக் கூம்பு உண்டாகிறது. விதை கனிக்குள் மூடப்படாமல் செதிலின்மீது திறந்தபடியே அமைகிறது. பனையில் ஆண் பனை வேறு, பெண் பனை வேறு என்பதை நீங்கள் அறிவீர்கள். சைக்கட்டிலும் அவ்வாறே, இதற்கு ஒரே ஓர் இனங்கூட விலக்கன்று. ஆண் மரத்தின் கூம்பு மகரந்தத்தை மட்டும் தரும்; பெண் மரம் சூலை மட்டும் தாங்கும். எனவே, ஒரு மரத்திலிருந்து மற்றொரு மரத்திற்கு மகரந்தத்தை யாரேனும் கொண்டு சேர்த்தாக வேண்டும்.

25 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பெர்மியன் காலத்துப் பாறைகளிலேயே இவற்றின் முன்னோருடைய சுவடுகள் கிடைக்கின்றன. அக்காலத்தில் பூக்கும் செடி ஒன்றேனும் இருந்ததற்குத் தெளிந்த சான்று கிடையாது. தேனீயும் இல்லை, பட்டாம்பூச்சி தேன் உண்ணும் மலரும் இல்லை. ஆகவே, இத்துணைப் பழமையான தாவரத்திற்குத் தூது செல்லக் காற்றைத் தவிர வேறு யார் இருந்திருக்க முடியும் என்று தாவர நூலார் எண்ணினர். பைன் மரமும் பூவாத மரந்தான்; அதற்குக் காற்றே துணை. சைக்கட்டுக்கும் அதுவே என்று முடிவு செய்தனர். சிகாகோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சார்லஸ் சேம்பர்லின் உலகெங்கும் அலைந்து இத்தாவரங்களை ஆராய்ந்து 1919-இல் சிறந்த நூல் ஒன்றை வெளியிட்டார். அவரும் காற்றின் பக்கமே சாய்ந்தார். பெரியவர் சொன்னதைப் பாடநூல்கள் ஏற்றுக் கொண்டன. பாடநூல் சொன்னதை நான் கரும்பலகையில் எழுதினேன். நேரில் கண்டு எழுதியவர் இவ்வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் நாணமாக இருக்கிறது.

ஆனால் மாற்றுக் குரல் எழாமலில்லை. தென்னாப்பிரிக்காவில் ஹரால்டு பியர்சன் என்னும் தாவர நூலறிஞர், என்செபலார்ட்டோஸ் என்னும் சைக்கட் பேரினத்தின் கூம்புகளில் வண்டுகள் நிறைந்திருப்பதைக் கண்டு, இவையே மகரந்தம் சுமப்பவையாக இருக்கலாம் என்று 1906-இல் எழுதினார். அவரை அடுத்து 1913-இல் அதே கருத்தை மேலும் வலியுறுத்தியவர் ஜார்ஜ் ராட்ரே. இவர் ஈஸ்ட் லண்டன் என்னும் துறைமுக நகரத்தில் செல்போர்ன் கல்லூரி என்று பெயர் பெற்ற பள்ளியின் தலைமை ஆசிரியர்! பள்ளி வேலையின் இடையே காட்டிற்குச் சென்று கூம்புகளைக் கூர்ந்து நோக்கியிருக்கிறார். நானும் தலைமை ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன்தான். வருகைப் பதிவேடும் சம்பளப் பட்டியலும் என்னை விட்டபாடில்லை என்று பலமுறை குறை கூறியிருக்கிறேன். ராட்ரேயைப் பற்றிப் படித்த பிறகு அந்தக் குறையைக் கூறுவதை நிறுத்திக் கொண்டேன்.

அவ்விருவருடைய சொல்லும் நெடுங்காலம் எடுபடவில்லை. வண்டு கூம்பில் இருப்பதைக் கண்டால் மட்டும் போதாது. அது சுமக்கிறது என்பதைச் சோதனையால் காட்ட வேண்டும் அல்லவா? அந்தச் சோதனை நடந்த இடம் அமெரிக்காவில் ஃபிளாரிடா மாநிலத்து மியாமி நகரை ஒட்டிய பகுதி. அங்குள்ள ஃபேர்சைல்டு தாவரத் தோட்டத்தில் ஜாமியா என்னும் சைக்கட் வளர்க்கப்பட்டிருந்தது. அட்டைபோல் விறைத்த சிற்றிலைகளும் பழுப்பு நிற மென்மயிரும் கொண்ட இதனை நம் நாட்டுப் பூங்காக்களிலும் தொட்டிகளில் காணலாம். இதன் தாயகம் மெக்சிகோ நாட்டின் வெராகுரூஸ் கடற்கரை. அங்கிருந்து வந்த செடிகளோடு ரொப்பலோட்ரியா என்னும் கூன்வண்டும் வந்து தோட்டத்தில் குடியேறியிருந்தது. ஒரு நெல்மணியினும் சிறியது அது. நட் நார்ஸ்டாக், டென்னிஸ் ஸ்டீவன்சன், கார்ல் நிக்ளஸ் என்னும் மூவர் இவ்விரண்டையும் சேர்த்து ஆராய்ந்தனர்.

அவர்கள் செய்தது எளிய வேலை. எந்தப் பள்ளியிலும் செய்யக் கூடியது. சில பெண் கூம்புகளுக்கு வண்டு அண்டாதவாறும் காற்று மட்டும் எட்டுமாறும் காப்பு அமைத்தனர். வேறு சில கூம்புகளைக் காற்றுப் புகாதபடி மூடி, மகரந்தம் படிந்த வண்டுகளை உள்ளே விட்டனர். பின்னர்க் காத்திருந்தனர். வண்டு புகுந்த கூம்புகளில் விதை பிடித்தது. காற்று மட்டும் சென்ற கூம்புகளில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரை 1986-இல் வெளிவந்தது. ஒரு பையும் சிறிது பொறுமையும் இருந்திருந்தால் 1906-இலேயே தீர்ந்திருக்க வேண்டிய வழக்கு, எண்பது ஆண்டுகள் இழுத்தடிக்கப்பட்டது.

இனித்தான் விந்தையான பகுதி வருகிறது. மலருக்கு வரும் தேனீக்குத் தேன் கூலி. சைக்கட்டில் தேன் ஊறும் மலர் ஏது? அப்படியானால் வண்டுக்குக் கூலி என்ன? கூம்பேதான் கூலி! ஆண் கூம்பின் ஒவ்வொரு செதிலும் தடித்த சதை கொண்டது. அச்சதை முழுவதும் மாச்சத்து. செதிலின் கீழ்ப்புறத்தில் மகரந்தப் பைகள் இருக்கின்றன. கூன்வண்டுகள் கூட்டமாக வந்து ஆண் கூம்பில் தங்கி, உண்டு, இணைந்து, முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் புழு செதிலின் உட்சதையைக் குடைந்து தின்று வளர்கிறது. ஆனால் மகரந்தப் பைகளில் பெரும்பாலும் வாய் வைப்பதில்லை. வளர்ந்தபின் அச்செதிலுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகிறது. வண்டாக மாறியதும் செதிலின் நுனியைக் கடித்துத் துளையிட்டுக் கொண்டு வெளியே வருகிறது. வெளிவரும் வழியெங்கும் மகரந்தம் உதிர்ந்து கிடப்பதால் உடல் முழுவதும் மாவு பூசியது போலாகிறது. புழுக்களுள் சில அந்த ஆண்டில் வெளிவராமல் உலர்ந்த கூம்புக்குள்ளேயே உறங்கிக் கிடந்து, மரம் மறுபடி கூம்பு விடும் பருவத்தில் எழுகின்றன. அடுத்த பருவத்திற்கு விதைநெல் எடுத்து வைப்பது போன்ற ஏற்பாடு இது.

ஆண் கூம்பு தின்னப்படுவதால் மரத்திற்கு நட்டமில்லையா என்று கேட்பீர்கள். மகரந்தத்தை உதிர்த்துவிட்டால் ஆண் கூம்பின் வேலை முடிந்தது. தின்னாவிட்டாலும் அது வாடி விழப் போவதுதான். பந்தியில் மிஞ்சிய சோற்றை வேலையாளுக்குக் கொடுப்பது என்று சொன்னால் முழுவதும் பொருந்தாது. இங்கே வேலையாளுக்கென்றே உலை வைத்திருக்கிறது. ஆனால் பெண் கூம்பு அவ்வாறன்று. அது விதைகளை மாதக்கணக்கில் தாங்கி வளர்க்க வேண்டியது. அதனையும் வண்டு குடைந்து தின்னத் தொடங்கினால் மரத்தின் குலமே அற்றுப் போகும். வண்டு பெண் கூம்புக்குள் வரவும் வேண்டும், வந்தது அதனைத் தின்னவும் கூடாது. இந்த இரண்டையும் மரம் எவ்வாறு ஒருங்கே நிறைவேற்றுகிறது?

இதற்கு மரத்தின் நஞ்சு உதவுகிறது. சைக்கட்டுகள் நச்சுத் தாவரங்கள். கேரளத்தில் ஈந்து என்று அழைக்கப்படும் சைக்கஸின் விதைகளை நன்றாக ஊறவைத்து நீரை மாற்றி மாற்றிக் கழுவிய பின்னரே மாவாக்கி உண்பது வழக்கம். அவ்வாறு செய்யாது உண்டால் தீங்கு நேரும். ஜாமியாவின் கூம்பிலும் தனித்த சில அறைகளில் நஞ்சு அடைபட்டிருக்கிறது. ஆண் கூம்பில் இவ்வறைகள் உறுதியானவை. வண்டின் புழு அவற்றை மாச்சத்தோடு விழுங்கினாலும் அவை உடையாமல் முழுமையாகக் கழிவில் வெளியேறி விடுகின்றன. பெண் கூம்பிலோ நஞ்சு அவ்வாறு பத்திரமாக அடைபட்டிருப்பதில்லை. வாய் வைத்தால் வெளிப்பட்டுவிடும். ஆதலால் வண்டு பெண் கூம்பில் நுழைகிறது, இடுக்குகளில் அலைகிறது, உண்ண எதுவும் கிடைக்காமல் வெளியேறுகிறது. அதற்குள் அதன் முதுகிலிருந்த மகரந்தத்தில் சிறிது சூலின் வாயிலில் சுரந்து நிற்கும் நீர்த்துளியில் ஒட்டிக் கொள்கிறது. கூலி ஆண் மரத்தில், வேலை பெண் மரத்தில். வண்டின் கண்ணோட்டத்தில் பார்த்தால் இது ஏமாற்றுத்தான். பெண் கூம்புக்குள் சென்ற ஒவ்வொரு முறையும் அது பசியோடுதான் திரும்புகிறது.

ஏன் மீண்டும் மீண்டும் ஏமாறுகிறது? கூம்புகள் இரண்டும் ஒத்த மணம் வீசுகின்றன, இரண்டும் சூடாகின்றன. ஆம், தாவரம் தன் உடற்சூட்டைத் தானே உயர்த்திக் கொள்கிறது! மகரந்தம் உதிரும் பருவத்தில் கூம்பு தன்னிடமுள்ள மாச்சத்தை எரித்துச் சுற்றுப்புறக் காற்றைவிட வெப்பமடைகிறது. சைக்கட் கூம்புகளின் வெப்பத்தைப் பற்றி வில்லியம் டாங் என்பவர் 1987-இல் விரிவாக எழுதினார். சூட்டினால் மணம் நன்றாகப் பரவும் என்பதே நெடுநாள் விளக்கமாக இருந்தது. 2025-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதனினும் ஒரு படி மேலே செல்கிறது. வெண்டி வலென்சியா-மொன்டோயா என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய துணைவர்களும், கூம்பிலிருந்து வெளிப்படும் வெப்பக் கதிரையே வண்டு நேரடியாக உணர்கிறது என்று காட்டினர். வண்டின் உணர்கொம்பு நுனியில் அதற்கென்றே உணர்வுறுப்பு இருக்கிறது. இருளில் எலியின் உடற்சூட்டை அறியும் பாம்புகளிடத்து உள்ள புரதமும் இவ்வண்டிடத்து உள்ள புரதமும் ஒரே வகையைச் சேர்ந்தவை. அன்றியும், ஜாமியாவில் மாலை வேளையில் முதலில் ஆண் கூம்பு சூடாகிறது. சில மணி நேரம் கழித்துப் பெண் கூம்பு சூடாகிறது. முதலில் உண்ட வீட்டிலிருந்து பிறகு உண்ணா வீட்டிற்கு வண்டு செல்வதன் காரணம் இப்பொழுது விளங்குகிறது அல்லவா? விளக்கேற்றிய வீட்டிற்கு விட்டில் செல்வது போல் அது சூடேறிய கூம்பை நாடிச் செல்கிறது.

இந்த உறவு எவ்வளவு பழமையானது? மியான்மர் நாட்டின் வடபகுதியில் அம்பர் என்னும் கல் தோண்டி எடுக்கப்படுகிறது. அது உண்மையில் கல்லன்று. பண்டைக் காலத்து மரப்பிசின் இறுகிக் கெட்டியானது. ஏறத்தாழ 9 கோடியே 90 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அத்தகைய அம்பர்த் துண்டு ஒன்றில் ஒரு வண்டு அகப்பட்டிருந்ததைச் சீன ஆராய்ச்சியாளர் சென்யாங் சாயும் பிறரும் 2018-இல் விவரித்தனர். வண்டின் தாடையடியில் மயிர் சூழ்ந்த குழி இருந்தது. மகரந்தத்தை அள்ளி வைப்பதற்கு ஏற்ற அமைப்பு. அதே துண்டில் சைக்கட்டின் மகரந்தத் துகள்களும் சிதறிக் கிடந்தன. அவ்வண்டின் நெருங்கிய உறவினம் இன்றும் மேற்கு ஆஸ்திரேலியாவில் வாழ்கிறது. அங்குள்ள ஒரு சைக்கட்டின் கூம்பில் இன்றும் அதே தொழிலைச் செய்து வருகிறது. பெருந்தேனீக் கூட்டங்களும் பூங்காடுகளும் உலகை நிறைப்பதற்கு முன்பே, டைனோசார்கள் நடமாடிய நிலத்தில், வண்டு ஒன்று பூவாத மரத்திற்குத் தூது சென்றிருக்கிறது. பூவில்லாத உலகில் பூச்சித் தூது ஏது என்று வாதிட்டவர்களுக்கு அந்தப் பிசின் துண்டே விடை.

இங்கே ஓர் எச்சரிக்கை. சைக்கட்டை உயிருள்ள புதைபடிவம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மைதான். குலம் மிகப் பழையது. ஆனால் இன்றுள்ள இனங்களில் பெரும்பாலானவை ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு உட்பட்ட காலத்தில் பிரிந்து பெருகியவை என்று 2011-இல் நதாலி நாகலிங்கம் முதலியோர் மரபணுச் சான்றுகளைக் கொண்டு காட்டினர். வண்டுகளும் அவ்வாறே ஒரே குடும்பத்தவையல்ல. ஆஸ்திரேலியாவில் சில வகை, ஆப்பிரிக்காவில் வேறு சில, அமெரிக்காவில் வேறு சில. ஃபிளாரிடாவின் நாட்டு ஜாமியாவுக்குக்கூட அதற்கே உரிய வேறு கூன்வண்டு உண்டு. ஆஸ்திரேலியாவின் சில சைக்கட்டுகளில் வண்டுக்குப் பதிலாக இலைப்பேன் அத்தொழிலைச் செய்கிறது. தொழில் பழையது, ஆட்கள் பலமுறை மாறியிருக்கிறார்கள்.

எல்லா வண்டும் யோக்கியமானவை என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் ஆண்ட்லியரைனஸ் என்றொரு கூன்வண்டு இருக்கிறது. அதன் பெண் வண்டுக்கு மூக்கு உடலைவிட நீளமானது. அதனைத் துரப்பணம் போலப் பயன்படுத்திப் பெண் கூம்பின் செதிலைத் துளைத்து, உள்ளேயுள்ள சூலில் முட்டையிட்டு விடுகிறது; புழு விதையைத் தின்று தீர்க்கிறது. ஒரே மரத்தில் கூலிக்கு உழைக்கும் வண்டும் கொள்ளையடிக்கும் வண்டும் அருகருகே வாழ்கின்றன. நடு அமெரிக்காவில் ஆலக்கோசெலிஸ் என்னும் வண்டு இலையைத் தின்று, அதிலுள்ள நஞ்சைத் தன் உடலில் சேர்த்துக் கொண்டு, தன்னைப் பிடிக்க வருவோருக்கு அதனையே கசியவிடுகிறது. வண்டைக் கண்டதும் நண்பன் என்றோ பகைவன் என்றோ சொல்லிவிட இயலாது; எதனைத் தின்கிறது, எப்பொழுது தின்கிறது என்று பார்க்க வேண்டும். நான் 1988-இல் பார்க்காதது அதுதான்.

அப்படியானால் நம் மலையிலுள்ள சைக்கஸின் நிலை என்ன? சைக்கஸ் பேரினத்தில் பெண் மரத்துக்கு இறுகிய கூம்பு கிடையாது. இலைபோன்ற சூலிலைகள் உச்சியில் தளர்வாகக் கொத்தாக அமைந்திருக்கும். ஆகவே காற்றுக்கும் அங்கே ஓரளவு இடமுண்டு. ஜப்பானைச் சேர்ந்த யோனகுனி தீவில் கோனோ, தோபே என்னும் இருவர் அங்குள்ள சைக்கஸை ஆராய்ந்து 2007-இல் எழுதினர். ஆண் மரத்துக்கு 2 மீட்டருக்குள் நிற்கும் பெண் மரங்களுக்கே காற்று பயன்பட்டது. அதற்கு அப்பால் நின்றவற்றுக்கு மகரந்தம் சுமந்தவை ஒரு வகைச் சிறு வண்டுகளே. ஆக, நான் எழுதிய வாக்கியம் முழுப் பொய்யன்று. இரண்டு மீட்டருக்கு மெய்.

வண்டு இல்லாமற் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவே சான்று. அங்கு என்செபலார்ட்டோஸ் லாட்டிஃப்ரான்ஸ் என்னும் இனத்தில் நூற்றுக்கும் குறைவான மரங்களே காட்டில் எஞ்சி, ஒன்றுக்கொன்று தொலைவில் நிற்கின்றன. அவை தாமாக விதை பிடிப்பதில்லை. மனிதர் சென்று ஆண் கூம்பின் மகரந்தத்தை எடுத்துப் பெண் கூம்பில் தூவ வேண்டியிருக்கிறது. வண்டின் வேலையை மனிதர் செய்கின்றனர். வண்டின் அளவுக்குத் திறமையாகச் செய்கின்றனர் என்று சொல்ல முடியாது. இதனினும் இரங்கத்தக்கது என்செபலார்ட்டோஸ் உடியை. 1895-ஆம் ஆண்டில் ஜான் மெட்லி உட் என்பவர் ஸூலுலாந்தின் ங்கோயே காட்டில் ஒரே ஒரு மரத்தைக் கண்டார். அது ஆண் மரம். அதன் பக்கக் கன்றுகளைப் பிரித்து நட்டுப் பல தோட்டங்களில் வளர்த்திருக்கின்றனர். லண்டனின் கியூ தோட்டத்திற்கு 1899-இல் ஒன்று சென்றது. காட்டில் நின்ற கடைசித் தண்டையும் 1916-இல் எடுத்துச் சென்றுவிட்டனர். பெண் மரம் இதுவரை ஒன்றேனும் கிடைக்கவில்லை. அந்த ஆண் மரங்கள் இன்றும் கூம்பு விடுகின்றன, மகரந்தத்தை உதிர்க்கின்றன. கொண்டுபோய்ச் சேர்க்க இடமில்லை.

நம் மலைகளில் நிலை அவ்வளவு மோசமன்று. ஆயினும் மதனகாமப்பூவுக்காக ஆண் கூம்பை முற்றுமுன்னே அறுத்து விற்பது நடந்து வந்திருக்கிறது. அலங்காரத்திற்காக இலைகளையும் வெட்டுகின்றனர். ஆண் கூம்பை அறுத்தால் மரம் சாவதில்லை என்பதால் இதனைக் குற்றமாக யாரும் கருதுவதில்லை. ஆனால் அறுபட்டது மகரந்தம் மட்டுமன்று. அதில் குடியிருக்கும் வண்டுகளின் உணவும் உறைவிடமும் அறுபடுகின்றன என்பதை இவ்வளவு நேரம் கேட்ட உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த மாணவியைச் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு திருமண வீட்டில் கண்டேன். அவரும் இப்பொழுது ஆசிரியை. தலையில் நரை தோன்றியிருக்கிறது. பந்தியில் என் அருகில் வந்து நலம் விசாரித்தார். நான் மற்ற எதையும் பேசுமுன், "அம்மா, ஒரு நாள் நீ கொண்டு வந்த கூம்பை நான் எறியச் சொன்னேன். நீ கேட்டது சரியான கேள்வி, நான் சொன்னதுதான் தவறு" என்றேன்.

அவர் சிரித்தார். "நான் எறியவில்லை, சார். துண்டில் சுற்றி வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டேன். ஒரு பானைக்குள் வைத்துத் துணியால் வாயைக் கட்டினேன். இருந்த வண்டெல்லாம் முதலில் செத்துப் போயின. பத்து நாள் கழித்துத் திறந்து பார்த்தால் உள்ளே புது வண்டுகள். மேலெல்லாம் மஞ்சள் தூள். உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். ஆனால் பாடம் அதற்குள் பைனஸுக்குப் போய்விட்டது."